அந்தக் குழந்தை அவளுடையதுதான்

அன்புள்ள பிரபாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஏன் வெளியே போய்விட்டேன் என்று கேட்டாய். போனில் இடம் இல்லை, படங்கள் நிறைந்துவிட்டன என்றேன். நீயும் நம்பிவிட்டாய். பொங்கலுக்கு வரும்போது புதுப் போன் வாங்கி வருகிறேன் என்றாய். நான் சொன்னது பொய். அதற்கு முந்தைய நாள் உன் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். எந்த ஊரோ தெரியவில்லை, நடுரோட்டில் ஒருவர் சட்டை இல்லாமல் உட்கார்ந்து யாரிடமோ கெஞ்சுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறார், பின்னால் சினிமாப் பாட்டு ஓடுகிறது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று உன்னுடையது. அதைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். உன்மேல் கோபம் என்று நினைக்காதே. உன்மேல் கோபப்படுகிற தகுதி எனக்கு இருந்திருந்தால் அப்போதே போன் போட்டுத் திட்டியிருப்பேன். தகுதி இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

போன பங்குனியில் நீ அந்த குரூப்பில் ஒரு வீடியோ அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பிள்ளை பிடிக்கிறவள் மாட்டிக்கொண்டாள், எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். நான் கட்டைவிரல் பொம்மை ஒன்று போட்டேன். அன்றைக்கு மத்தியானம் நான் அந்த பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தேன். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அந்த வீடியோவை நிதானமாகப் பார்த்தால் கூட்டத்துக்குப் பின்னால், பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி கூடையோடு அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறுவது தெரியும். முகம் தெரியாது. அது நான்.

என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு, சத்துணவுக் கணக்கு விஷயமாகப் புதிதாக வந்த பெண்ணுக்கு உதவி செய்யப் போய்வந்துகொண்டிருந்தேன் அல்லவா, அதற்காகத்தான் பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல வெயில். நிழலில் ஒரு தூணோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. நைட்டி போட்டு, மேலே ஒரு துண்டு. தலை சீவி நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலில் செருப்பு இல்லை. மடியில் துணி சுற்றிய ஒரு பச்சைக்குழந்தை. குழந்தை வீறிட்டு அழுகிறது, இவள் அதைப் பார்க்கவே இல்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "இது என் கொழந்த இல்லைங்க. மாத்தி வச்சிட்டாங்க. இத எடுத்துக்குனு போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அழுகை இல்லை. கடையில் மீதிச் சில்லறை கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

ஒருவன் நின்றான். "உன்து இல்லன்னா யாருது? எங்கருந்து தூக்கினு வந்த?" என்றான். அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க போன்களில் ஒரே வதந்தி, உனக்கும் தெரியும். "இன்னாடி முழிக்கிற, சொல்லு" என்று ஒரு பெண்பிள்ளை அவள் முடியைப் பிடித்தாள். இன்னொருத்தி குழந்தையைப் பிடுங்கினாள். பையன்கள் சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவன் கிரிக்கெட் வர்ணனை சொல்வதுபோல் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே எடுத்தான். அந்தப் பெண் யாரையும் தடுக்கவில்லை. குழந்தையைப் பிடுங்கியபோது மட்டும் இரண்டு கையையும் நீட்டினாள். அப்போது தோளிலிருந்து துண்டு விழுந்தது. குழந்தை அழ அழ, அவள் நைட்டியின் முன்புறம் நனைந்துகொண்டே வந்தது.

நீ ஆண்பிள்ளை, உனக்குச் சொன்னால்தான் புரியும். பெற்ற உடம்பு தன் குழந்தையின் அழுகைக்குத் தானாகப் பால் சுரக்கும். மனசு எங்கே போயிருந்தாலும் உடம்பு மறக்காது. அந்த ஈரத்தைப் பார்த்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: குழந்தை பெற்ற சில நாளில் இருக்கிறவள், புத்தி பேதலித்து நிற்கிறாள், கையிலிருப்பது பெரும்பாலும் அவள் பெற்றதுதான். எனக்கு மட்டும் என்றில்லை, அங்கே நின்ற பெற்றவர்கள் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருக்கும். "அவ பச்ச உடம்புக்காரிடா, விடுங்கடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தத்தையும் ஒரே அதட்டலில் பந்தியில் உட்கார வைத்த தொண்டை எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. அவளோடு சேர்த்து என்னையும் கூட்டாளி என்று சொல்லிவிட்டால்? என் முகமும் போனில் வந்துவிட்டால்? அப்படியெல்லாம் ஓடியது. பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார்கள். ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கோட்டை இருக்கிற ராஜகிரி மலை உச்சியையே பார்த்துக்கொண்டு போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன். "நீ ஏறி வந்ததுதான் சரி. போலீசு, சாட்சின்னு யாரு அலையறது? நமக்கு இன்னாத்துக்கு வம்பு" என்றார். அதைக் கேட்க எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு உன் வீடியோ வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ பயத்தில்தான் அனுப்பினாய், வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினாய். ஆனால் அதன் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதியதை நான் படித்தேன். கட்டி வைத்து அடிக்கச் சொன்னவர்கள், கையை வெட்டச் சொன்னவர்கள், அதைவிட அசிங்கமாக எழுதியவர்கள். உண்மை தெரிந்த நான் கட்டைவிரலைப் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

உன் நைனா சொன்ன அதே பேச்சைத்தான் உனக்கும் நான் சின்ன வயதிலிருந்து ஊட்டியிருக்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை நாலைந்து பேர் சேர்ந்து, பாதி வழியில், சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். "அவரு ஒண்ணும் பண்லியேம்மா, ஏன் தள்றாங்க?" என்று கேட்டாய். உன் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அங்க பாரு, கோட்ட தெரியுது" என்றேன். கோட்டை அங்கிருந்து தெரியவே தெரியாது. நீ கொஞ்சநேரம் தேடிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய். நீ கேட்ட கேள்வி சரியானது. அதைக் கேட்கக்கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அந்தப் பெண்ணின் கதையை எனக்குச் சொன்னவள் சரோஜா. என்னோடு சத்துணவில் சமைத்தவள், அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். "அது எங்க ஊரு பொண்ணுக்கா" என்று ஒருநாள் அந்த வீடியோவைக் காட்டி அழுதுகொண்டே வந்தாள். பெண் முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து சில நாளில் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. ராத்திரி பகல் கண் மூடாமல், குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். வீட்டில் காற்று கருப்பு என்று நினைத்து மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிச் செஞ்சிக்கு வந்துவிட்டாள். நிஜமான குழந்தையை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொண்டு, இதைத் திருப்பிக் கொடுப்பதற்காக வந்தாளாம். யாரோ போலீசுக்குச் சொல்ல, ஒரு பெண் போலீஸ் வந்து கூட்டத்தை விலக்கி இருவரையும் கூட்டிப் போனதால் பெரிய அடி படாமல் தப்பினாள். அம்மாக்காரி ஓடிவந்து குழந்தை அவளுடையதுதான் என்று சொன்ன பிறகு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இப்படி வருமாம். உடனே கவனித்தால் குணமாகும் என்று டாக்டர் சொல்லி, மாத்திரையும் ஊசியும் கொடுத்திருக்கிறார். சில வாரத்தில் தெளிந்துவிட்டாள்.

தெளிந்து வீட்டுக்கு வந்தபோது குழந்தை இல்லை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவன் வந்து, பைத்தியத்திடம் பிள்ளையை விடமுடியாது என்று அவலூர்பேட்டையில் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிட்டான். இதற்குள் உண்மை தெரிந்து, வீடியோ இரண்டாவது சுற்று வந்தது. முதல் சுற்றில் திருடி, இரண்டாவது சுற்றில் பைத்தியம். "இவளுக்கெல்லாம் எதுக்குக் குழந்தை" என்று எழுதினார்கள். அவள் சொன்ன "இது என் கொழந்த இல்லைங்க" என்ற வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்துப் பாட்டோடு சேர்த்து, ஆண்கள் பெண்கள் என்று வாயசைத்து நடித்தார்கள். நம் தெருப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லி விளையாடியதை என் காதால் கேட்டேன்.

சரோஜாவோடு அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போனேன். போகும்வரை என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவள் முறத்தில் உளுந்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தாள், யார் பார்த்தாலும் கல்லூரிக்குப் போகிற பெண் என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னேன். அவள் கை நின்றது.

"எந்தப் பக்கம் நின்னீங்க?"

"அவலூர்பேட்ட வண்டி பக்கமா."

"மூஞ்சி ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. போனுங்கதான் ஞாபகம் இருக்குது. சுத்தி போனு." பிறகு, "என் நைட்டி நனஞ்சிருந்தத பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சிது."

"அப்புறம் ஏங்க்கா சொல்லல?"

"பயமா இருந்துதும்மா."

"எனக்கும் பயமாதான் இருந்துது" என்றாள்.

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, பிரபா. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்ததைப்போல் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, "அவங்க வூட்ல வந்து சொல்றீங்களா? நீங்க பாத்தத மட்டும் சொன்னா போதும்" என்றாள்.

போனோம். அவளும், அவள் அம்மாவும், சரோஜாவும், நானும். அவள் மட்டும் மாமியார் வீட்டு வாசலுக்குள் வரவில்லை, எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். உள்ளே குழந்தை தூளியில் தூங்கியது. மாமியார்க்காரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ஊரே பாத்துச்சி. அவ வாயாலயே சொல்றா பாரு, என் கொழந்த இல்லன்னு. நாள பின்ன கெணத்துல போட்டுட்டான்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?" என்றாள். கெட்டவள் இல்லை, அந்தப் பயம் நிஜம். அதற்கு அந்த வீடியோதான் தீனி போட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "நானும் அங்கதான் இருந்தேம்மா. வாயி இல்லன்னுச்சி, ஒடம்பு ஆமான்னுச்சி. கொழந்தய புடுங்கும்போது ரெண்டு கையும் நீட்டுனா. அது வீடியோல இல்ல, நான் பாத்தேன். ஜொரத்துல பெனாத்தறது மாதிரிதான் அதுவும். இப்ப எறங்கிடுச்சி. டாக்டரையே வந்து கேளுங்க." பல மாதம் பிந்திப்போன சாட்சி.

அந்தப் பையன், புருஷன்காரன், சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். லீவில் வந்திருந்தான். "நான் ஒண்ணு சொல்றேங்க" என்றான். "எங்க ரூம்ல பசங்க அந்த வீடியோவ பாத்து சிரிச்சினு இருந்தாங்க. என் பொண்டாட்டின்னு அவனுங்களுக்குத் தெரியாது. எங்கிட்டயே காட்டுனாங்க. அவதான்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சும், நானும் அவனுங்களோட சேந்து சிரிச்சேங்க." அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆண்பிள்ளை ஒருவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவன் அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே மரத்தடியில் நின்றவளுக்கு அழுகை கேட்டிருக்கும். அவள் உள்ளே வரவில்லை.

அடுத்த வாரம் அவன் டாக்டரிடம் போய்ப் பேசினான். மாத்திரையை நிறுத்தக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, மறுபடி குழந்தை உண்டானால் முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும் என்று எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். முதலில் வாரத்துக்கு ஒருநாள் குழந்தையைக் காட்டினார்கள். ஆவணியில்தான் முழுதாக அவளிடம் விட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் பால் வற்றிப்போயிருந்தது. குழந்தை புட்டிக்குப் பழகி, இவள் தூக்கினால் மாமியாரைத் தேடி அழுதது. குழந்தை முதன்முதலில் முகம் பார்த்துச் சிரித்ததை அவள் பார்க்கவில்லை. "எப்ப சிரிச்சுது?" என்று மாமியாரிடம் கேட்டிருக்கிறாள், அவருக்கு நினைவில்லை. அந்த மாதங்களை யாரும் திருப்பித் தரமுடியாது. இன்னும் எங்காவது போனைத் தூக்கினால், அது கல்யாண வீட்டில் போட்டோவுக்காக இருந்தாலும், முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் படித்துக் காட்டுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். நீயும் படித்துக் காட்டு. நீ அதை அனுப்பிய இடங்களில், உன் காலேஜ் நண்பர்கள் குரூப்பிலும்தான், "அந்தக் குழந்தை அவளுடையதுதான், நான் அனுப்பியது தப்பு" என்று ஒரு வரி போடு. யாரும் பதில் சொல்லமாட்டார்கள், பரவாயில்லை. உன் சித்தப்பா போட்ட வீடியோவில் உட்கார்ந்திருந்தவரையும் வீட்டில் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் வரட்டும், அது உன் கையில் இல்லை. விரல் உன் கையில்தான் இருக்கிறது.

மருமகள் சங்கீதாவுக்கு ஏழாம் மாதம். அவளைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வராது. ஆனால் குழந்தை பிறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டால், காரணமில்லாமல் அழுதாலும் சிரித்தாலும், உனக்குப் புரியாத எதையாவது சொன்னாலும், வாதாடாதே. அம்மா வீட்டுக்காரர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதே. பக்கத்தில் போய் உட்கார். குழந்தையையும் அவளையும் தனியாக விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. யார் என்ன சொல்வார்கள் என்று ஒரு நாளைக்கூடத் தள்ளாதே. எனக்கு ஒரு போன் செய், கட்டிய புடவையோடு வந்துவிடுகிறேன்.

இந்தப் புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி. அவளுக்குத் துணையாக நானும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது எதிர்ப் பெஞ்சில் இரண்டு பையன்கள் அவளைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். "அதாண்டா, அந்த வீடியோ" என்பது எனக்குக் கேட்டது. ஒருவன் மெதுவாகப் போனை எடுத்தான். அவள் குழந்தையை நெஞ்சோடு அழுத்தினாள். நான் நடுவில் போய் நின்று, "தம்பி, போன உள்ள வைப்பா" என்றேன். அதட்டக்கூட இல்லை. அவன் முகம் சிவந்து, "சாரி ஆன்ட்டி" என்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். இன்னொருவன் எழுந்து, அவள் உட்காரட்டும் என்று இடம் விட்டான். நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார், அவள் உள்ளே போனாள். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிரபா. அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்றிருந்தது.

அம்மா